கசிவின் திசை

பின்சக்கர விளிம்பில் மறுபடியும் அது.
பழுப்பு மஞ்சள், நகக்கண் அளவுதான்,
சுற்றிய வேகத்தில் வால் முளைத்து
ஆரக்கம்பிகளுக்கிடையே இழுபட்டிருந்தது.
நேற்றிரவுதான் துடைத்தேன்.
முந்தாநாளும் துடைத்தேன்.

விரலால் வழித்து முகர்ந்தேன்.
பெட்ரோல் வாடை இல்லை, கருகிய வாடையும் இல்லை.
அப்படியே டிராம் ஓட்டப் போய்விட்டேன்.
முன்னிருக்கைச் சிறுமி என் கையைப் பார்த்து
தேனா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன். விளக்கப் பொழுதில்லை,
அடுத்த நிறுத்தம் சந்தை.

லியெபாயாவின் வடக்கு ஓரம், கரோஸ்டா.
எங்கள் கொட்டகை வரிசையில் தகரக் கதவுகள் முப்பத்தொன்று.
பதினெட்டாம் எண்ணுக்குள் என் எம்.இசட்.
அதற்கும் எனக்கும் ஒரே வயது,
இரண்டு பேருக்கும் காலையில் இருமல்.
பத்தொன்பதிலிருந்து இல்க்வார்ஸ் வருவார்,
கூப்பிடாமலே, புகையிட்ட மீன் தின்ற கையோடு.

"சங்கிலிதான்" என்றார்.
சங்கிலி ரப்பர் குழலுக்குள் ஓடுவது,
வெளியுலகம் கண்டதே இல்லை.
இருந்தாலும் கழற்றினேன். உள்ளே இருந்தது கறுப்பு.
"அப்படியென்றால் சக்கரத்து பேரிங்."
பேரிங் புதிது, அதற்கு நான் பூசியது நீலம்.
"கியர்பெட்டி."
அது எண்ணெய், தண்ணீராய் ஓடும், இப்படி ஒட்டாது.
"அப்படியென்றால் வெல்கா, உன் கைதான்" என்று
சிரித்துக்கொண்டே போனார்.
நான் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை மண்ணெண்ணெயில்
தலைமுதல் வால்வரை கழுவினேன். காயவிட்டேன்.
தங்கை மகனின் பவுடர் டப்பாவைக்
கவிழ்த்துத் தட்டினேன், பின்பாதி முழுக்க.
கொட்டகையே தொட்டில் வாசம்.
பிறகு கடற்கரைச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர்,
ஜூன் வெயிலில்.
எதிரே வந்தவர்கள் என் முதுகுக்குப் பின்னால்
வெள்ளைப் புகை எழுவதைக் கண்டு பதறிக் கையாட்டினார்கள்.
நானும் கையாட்டினேன்.

திரும்பி வந்து விளக்கோடு மண்டியிட்டேன்.
மாவு பூத்த உலோகத்தில் ஒரே ஒரு ஈரக்கோடு.
சக்கரத்திலிருந்து புறப்பட்டதல்ல அது,
சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது.
அச்சுக்கு மேலே,
வேகமானியின் கேபிள் வந்து நுழையும் மூக்கில்
ஒரு சொட்டு விழலாமா என்று தொங்கியது.

கேபிளைத் தடவிக்கொண்டே முன்னே போனேன்.
இருக்கைக்குக் கீழே. பெட்ரோல் தொட்டிக்கு அடியில்.
கழுத்தைச் சுற்றி, ஹேண்டில்பாருக்கு மேலே,
எண்வட்டின் முதுகுக்கு.
திருகைக் கழற்றியதும் விரல் கணுவரை மஞ்சள்.

அப்போதுதான் பிப்ரவரி நினைவுக்கு வந்தது.

மார்கெர்ஸ் தன் புத்தகங்களையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும்
நாயையும் வேனில் ஏற்றிப் போன அன்று
இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.
மைனஸ் பதினாலு.
கிரீஸ் கல்லாய் இறுகிக் கிடந்தது,
டப்பாவை அக்குளில் இடுக்கி இளக்கினேன்.
குதிரைக்குப் போடும் ஊசிக்குழலில் ஏற்றி
இந்தக் கேபிளுக்கு ஊட்டினேன்.
கொஞ்சம் போதும். தெரியும்.
இருபது வருடமாய்த் தெரியும்.
இன்னும் கொஞ்சம் என்றது கை.
இன்னும்.
விடியும்வரை அதுவும் மறுக்காமல் விழுங்கிற்று.
குளிர் நீடித்தவரை ஒன்றும் கசியவில்லை.

இல்க்வார்ஸிடம் சொன்னேன்: "பேரிங்தான், நீங்கள் சொன்னதுபோல."
அவருக்கு முகம் மலர்ந்தது,
செய்தித்தாளில் சுற்றி மீன் ஒன்று கொடுத்தார்.

உருவிய கேபிள் ஆணியில் தொங்குகிறது.
கீழே வெள்ளரி ஊறுகாய் தீர்ந்த ஜாடி.
மூன்று நாளாகியும் ஓயவில்லை,
இரண்டு விரற்கடை நிரம்பிவிட்டது.
வேலைக்குப் போகும் வழியில் இரும்புப் பாலத்தில்
கடற்காற்று பக்கவாட்டில் அறைகிறது,
நாரைகள் சில எனக்குத் தோற்றுப் பின்தங்குகின்றன,
முள் மட்டும் பூஜ்யத்தின் மேல்
படுத்துக் கிடக்கிறது.