பதினைந்து சதவீதம்

டர்பன் விமான நிலையத்தில்
பெட்டியை எடைக்குப் போடுமுன்
திறந்து காட்ட வேண்டும்.
பொருள், ரசீது, பாஸ்போர்ட், ஆள்
நான்கும் ஒரே மேசைக்கு வந்தால்தான்
வாங்கும்போது கட்டிய வரி திரும்பும்.

மூன்று வாரமாக ரசீதுகளை
பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.
தம்பி குமரேசன் சிரித்தான்.
"சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம், அக்கா."
மான்செஸ்டரில் நைட் ட்யூட்டி பார்ப்பவளுக்குக்
கால் பணமும் பணம்தான்டா என்றேன்.

சுங்க மேசைக்குப் பின்னால் ஹ்லெங்கிவே.
சட்டையில் பெயர், நகத்தில் ஊதாச் சாயம்.
என் பாஸ்போர்ட் பச்சை.
அவளிடம் இருந்தால் அதுவும்
இதே பச்சைதான்.
"சாலாட்சி. பிறந்த ஊர்?"
சாட்ஸ்வொர்த்.
"ஹாவ்! நான் உம்லாசி. நடுவுல ஒரு ரோடுதான்."
பிறகு படிவத்துக்குத் திரும்பி,
"இப்போ எங்கே ஸ்டே பண்றீங்க?"

எங்கள் ஊர்ப் பேச்சில்
ஸ்டே என்றால் தங்குவது அல்ல,
வாழ்வது.
அறுபது வருஷம் ஒரே வீட்டில் இருப்பவரும்
அங்கே ஸ்டே பண்றேன் என்றுதான் சொல்வார்.
பதினோரு வருஷமாக வாடகை கொடுத்தும்
அந்த ஒரு சொல்லை மட்டும்
மான்செஸ்டருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.
இன்றைக்கு
நானூற்று அறுபத்தைந்து ராண்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

வாயால் சொன்னால் போதாதாம்.
குடியிருப்பு அட்டை, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சம்பளச் சீட்டு.
இங்கே நான் இல்லை என்பதற்கு
இத்தனை சாட்சிகள் கைப்பையில் இருந்தது
எனக்கே தெரியாது.

நடைக்கு வாங்கிய ஷூ. இருக்கிறது.
சோளக்கதிர் போட்ட பாசோத்தோ கம்பளி. இருக்கிறது.
எவர்சில்வர் இட்லிக் குண்டான்.
மூடியைத் தூக்கியவள்
உள்ளே சுருட்டி வைத்திருந்த என் உள்ளாடைகளைக் கண்டு
மரியாதையாக மூடினாள்.
மசாலாப் பொட்டலம்.
"இது திறந்திருக்கே?"
ஆமாம். போன செவ்வாய்க்கிழமை
தம்பி மகள் டெஷ்னி கோழிக்கறி கேட்டாள்.
"தின்ன ஆரம்பிச்சா வரி எங்களுக்கு"
என்று அந்த ரசீதை ஒதுக்கினாள்.
பொட்டலத்தை மோந்து பார்த்தாள்.
மூன்று தும்மல்.

கடைசி ரசீது ஃப்ரிட்ஜ்.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.
"பொருள் எங்கே?"
தம்பி வீட்டில்.
"அப்போ அது போகலையே."
போகவில்லை.
"நீங்க மட்டும்தான் போறீங்க."

குத்தலாக இல்லை,
படிவத்தை வாசிக்கிற குரல்.
வெளியே போகிறதற்கு வரி கிடையாது.
இருந்துவிட்டது கட்டும்.
குமரேசன் கட்டுகிறான்,
சோப்புக்கு, போன் கார்டுக்கு,
குழாயில் காற்று மட்டும் வரும் நாட்களில்
தண்ணீர் கேனுக்கு.
என் தெருவில், இல்லை, அவன் தெருவில்
வேன் சக்கரத்தை விழுங்குகிற குழி ஒன்று.
ஃப்ரிட்ஜின் தொள்ளாயிரம் ராண்டு
அதில் ஒரு கூடை ஜல்லியாக விழட்டும் என்று
நினைத்துக்கொண்டேன்.
விழாது. தெரியும்.
இருந்தாலும் அந்த ரசீதைக்
கிழிக்க மனசில்லை, டப்பாவுக்கே திரும்பியது.

முத்திரை மூன்று முறை விழுந்தது.
பெட்டி உருண்டு போனது.
உள்ளே இன்னொரு ஜன்னல்.
கமிஷன் போக நானூற்றுச் சில்லறை.
"பவுண்டா, ராண்டா?"

அந்நேரம் பார்த்து போன் அதிர்ந்தது.
குமரேசன் அனுப்பிய படம்:
கதவு திறந்த ஃப்ரிட்ஜ்,
மேலே ஒரே ஒரு தட்டு ஐஸ்,
ஓரத்தில் டெஷ்னியின் விரல்.
கரண்ட் போறதுக்குள்ள புடிச்சிருச்சு அக்கா.
எவ்ளோ கெடைச்சுது?

ஜன்னல்காரர் மறுபடி கேட்டார்.
பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
பவுண்டு என்றேன்.

தம்பிக்கு எழுதினேன்:
கால் பணம்.