பிராஸோ

நாளைக்குக் கொழும்பிலிருந்து ட்ரஸ்ட்காரர்கள் வருகிறார்களாம்.
பலகையைத் துலக்கி வை என்றார் மேட்ரன்.
அரை டின் பிராஸோ, ஒரு பழைய வார்டுத் துணி.

லிந்துலைக்கு மேலே மழை விட்டுப் பத்து நிமிஷம்.
என் நெஞ்சு உயரத்தில் பித்தளையில் அவர் பெயர்:
கொர்னேலியா வன்டர்லான்.
லயத்து வாயில் அது கொர்னேலித் துரைசாணி.
மூன்று ஆஸ்பத்திரி, ஒரு பிள்ளை மடுவம்,
காணிச் சட்டம் விட்டுவைத்த ஐம்பது ஏக்கரும் பங்களாவும்
உயிலில் தருமத்துக்கு.

பங்களாவை இப்போது காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.
கணப்பில் விறகு அடுக்கியிருக்கிறது, எரிவதில்லை.
அவர் கண்மூடிய கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு.
நான் உள்ளே போனது ஒரே ஒரு தரம்,
பரணில் கிடந்த செக்ரோல் புத்தகங்களை
இறக்கிக் கொளுத்த.

கரையான் மிச்சம் வைத்த ஒன்றைப் பிரித்தேன்.
அறுபத்தெட்டு, ஜூன்.
சிவனாயி, ஏழாம் நம்பர் மலை. என் அம்மா.
அந்த மாதம் முழுப்பேர் ஒன்பது, அரைப்பேர் பதினொன்று.
நான் உள்ளே கனத்திருப்பேன்.
பிடித்த காசு: அரிசி, கம்பளி, டோபி, கோயில்.
ஆஸ்பத்திரிக் கட்டட நிதி, இருபத்தைந்து சதம்.
அடுத்த பேருக்கும் இருபத்தைந்து.
பக்கம் பக்கமாக, பெருவிரல் ரேகைகளுக்கு நேரே.

கொளுத்தினேன். அந்தப் பக்கம் மட்டும்
ரெயின்கோட்டுக்குள் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஜூலையில், மண் சரிந்து லொறி வராத ராத்திரி
துரைசாணிதான் காரை எடுத்தாராம், படுக்கிற உடுப்போடு.
பாதி வழியில் அம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்து
சீட்டெல்லாம் தண்ணீர்.
"தோல்தானே, காயும்" என்றாராம் அரைத் தமிழில்.
கார் யார் காசு என்று அந்த நேரம் யார் கேட்பது.
சாகும்வரை அம்மா அவர் படத்துக்கு விளக்கு வைத்தாள்.
இருபத்தைந்து சதம் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?
கேட்டதில்லை. அவள் இருந்த நாளில்
அந்தப் பக்கம் என் கையில் இல்லை.

எழுத்துகளின் குழியில் வெள்ளை மாவு தங்குகிறது.
தீக்குச்சியால் சுரண்டுகிறேன்.
பெயருக்குக் கீழே வெறும் பித்தளை, நாலு விரற்கடை.
அளந்து பார்த்தேன்.

ஓபிடி வரிசையிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து
சுவரில் முதுகு கொடுத்து நிற்கிறாள்.
"டொக்டர் வந்திட்டாரா அண்ணே?"
கண்டியிலிருந்து வர வேண்டும். பாதை வேறு மூடல்.

"வருவாரு. அதுல சாயாதீங்கம்மா,
நாளைக்கு ஆளுக வாறாங்க."