பகுதியெண்

கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிற மார்கழி.
அரசரெத்தினத்தின் எஞ்சின் வள்ளத்தில்
பதினொரு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கடா ஆடு.
என் பையில்
கைச்சுற்றளவு பார்க்கிற நாடா நாலு.

கந்தோரில் சொல்லி அனுப்பினார்கள்:
சிகிச்சையில் இருக்கிற பிள்ளைகள் தொகுதியெண்.
அது பதிவேட்டில் இருக்கிறது.
நீர் போய்ப்
பகுதியெண்ணைத் தேடும்.

பகுதியெண்
சோளச் சேனைக் குடிலில் சாக்கு விரித்துப் படுத்திருந்தது.
அதற்கு மூக்கு ஒழுகியது.
பெயர் லதுர்ஷிகா, இருபத்தொரு மாதம்.
பதினொன்று தசம் இரண்டு.
சிவப்பு.

நிலையத்துக்குக் கொண்டு போகல்லையா?

'போனநான், ஐப்பசியில.
பதினொண்டு தசம் ஆறு எண்டு திருப்பி விட்டாங்க.
இன்னும் மெலிஞ்சா வரட்டாம்.
மெலிஞ்சு முடிய
ஆறு பெருகிட்டு.'

வராத காரணத்துக்குப் படிவத்தில் ஒன்பது பெட்டி.
தூரம். தெரியாது. புருசன் விடவில்லை.
சொன்னபடியே மெலிந்ததற்குப் பெட்டி இல்லை.
'வேறு' என்பதில் புள்ளடி போட்டேன்.

முறுத்தானையில் தவநேசம் வெறும் பைக்கற்றுகளைக்
கழுவி, காயவைத்து, எண்ணி வைத்திருந்தாள்.
ஒன்றும் குறையவில்லை. மகனுக்கோ நிறை ஏறவில்லை.
'மூணு பேருக்கும் பிரிச்சித்தான் குடுத்த.
ஒண்டு நக்க
ரெண்டு பார்த்துக்கிட்டு இருக்கிறதா மிஸ்?'

அடுத்த வளவில் ஒருத்தி
நாடாவைக் கையில் வாங்கித் தன் விரலில் சுற்றிப் பார்த்தாள்.
'இல்லாம போன பிள்ளையையும் எழுதுவீங்களா?'
ஆறு மாதம் முதல் ஐம்பத்தொன்பது மாதம் வரை,
வீட்டில் இருக்கிற பிள்ளை.
அதுதான் வரைவிலக்கணம்.
கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

நாலு நாள். நானூற்றிப் பன்னிரண்டு கை.
பதினாலு சிவப்பு.
அதில் சிகிச்சையில் ஐந்து.
முப்பத்தாறு வீதம் என்று எழுதும்போது
தசத்தை மட்டந்தட்டினேன். அது பழக்கம்.

பிறகு செலவு.
ஒரு பிள்ளை தேறி வர எவ்வளவு?
கரையோரத்தில் மட்டும் தேடினால் மலிவு.
ஆற்றைக் கடந்தால்
வள்ளம், எரிபொருள், மிட்வைஃபின் படி.
ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை விலை ஆகிறது.
தேடாமல் இருக்கும்வரை
நாங்கள் நல்ல சிக்கனம்.

கணினியில் ஒரு நிரல் கூடச் சேர்த்தேன்:
தாய்க்கு, வாரம் ஒருக்கா,
வள்ளக்காசு போக நூறு வர நூறு,
வயலில் புல் பிடுங்கும் ஒரு நாள் கூலி.
முகாமையாளர் கீழே இறக்கிப் பார்த்தார்.
'இது எங்கட செலவு இல்லையே.'
நல்ல மனிசன்தான். தேத்தண்ணி எடுத்துத் தந்தார்.
நிரலை நான் அழிக்கவில்லை.
அறிக்கை அச்சானபோது
அது பக்கத்துக்கு வெளியே போயிருந்தது.

மாதக் கடைசியில் என் வள்ளக்காசுக்குச் சிட்டை கேட்டார்கள்.
அரசரெத்தினம்
கடதாசியைத் தொடையில் வைத்து எழுதித் தந்தார்:
போக நூறு. வர நூறு.
அதே வள்ளம், அதே பலகை.
மூன்றாம் நாளே
என் கணக்கில் காசு விழுந்தது.