சாம்பல் அட்டை

டார்ட்டுவில் டிசம்பரில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
எனக்கு அது வசதிதான்.
எதிர் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
மேசைவரை வந்து எட்டிப் பார்க்கும்,
சன்னல் துணியை இழுத்து மூடுவேன்.
சிவப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுச்
சாம்பல் நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொள்வேன்.
இல்லையென்றால் என் நெஞ்சின் சிவப்பு
கணினித் திரையில் ஏறி
யாரோ ஒருவர் கன்னத்தில் குடியேறிவிடும்.

அன்று டாவெட் அனுப்பியது நாற்பத்தொரு படங்கள்.
வில்வேயின் மகன். பிறந்து மூன்று நாள்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
ஆற்றோரத்து மரவீடு, அடுப்படிச் சன்னல்.
உள்ளே பழைய குண்டு பல்பு, வெளியே பனியின் நீலம்.
ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சங்கள்
பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தன.

நிழல்களைக் கொஞ்சம் தூக்கினேன்,
போர்வையின் பின்னல் முடிச்சுகள் தெரிந்தன.
சன்னலுக்கு வெளியே பனி எரிந்துபோய்
வெற்றுக் காகிதமாய்க் கிடந்தது.
மெல்ல இறக்க இறக்க ஒரு வேலி வந்தது,
வேலிமேல் பாதி சாம்பலாய் ஒரு காகம்.
அதுவரை சரி.

நிறத்துக்கு வந்தேன்.
தானியங்கிப் பொத்தான் ஒரு வெள்ளந்தி,
வெளுத்ததெல்லாம் பால் அதற்கு.
அழுத்தினேன். குழந்தை ரோஜா நிறமானது.
போர்வை ஊதா பாரித்தது,
காகம் மைக்கூட்டில் விழுந்து எழுந்தது.
பிள்ளைக்கு நல்லது செய்யப்போய்
வீட்டையே கெடுத்துவிட்டது.
பழையபடி ஆக்கினேன்.

டாவெட் ஒழுங்கானவன். முதல் படத்தில்
குழந்தையின் காதருகே
சாம்பல் அட்டையைப் பிடித்திருந்தான்.
அவன் கட்டைவிரல்கூடத் தெரிகிறது, நகத்தில் அழுக்கு.
சொட்டுக்குழாயை அட்டைமேல் வைத்துத் தட்டினேன்.
சிவப்பு நூற்றிருபத்தொன்று,
பச்சை நூற்றிருபத்தொன்று,
நீலமும் அதே.
எந்தப் பக்கமும் சாயாத தராசு.
போர்வை வெள்ளையானது. வேலி வேலியானது.
குழந்தை மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.
ஆகவே முதலில் என் கண்ணைச் சந்தேகித்தேன்.
குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு
ஐந்து நிமிடம் சாம்பல் சுவரையே பார்த்திருந்தேன்.
பிறகு கணினித் திரையை: அளவியை ஒட்டிச் சோதித்தேன்,
பிழையில்லை.
பிறகு அந்தக் குண்டு பல்பை.
கடைசியில்தான் படத்தைப் பெரிதாக்கி
பாதி திறந்த இமைக்குள் பார்த்தேன்,
விழியின் வெள்ளை இருக்கவேண்டிய இடத்தை.

மஞ்சள் வெளிச்சத்தில் இல்லை.

ஒரு விரலசைவு போதும்.
மஞ்சளை மட்டும் பிரித்து முப்பது புள்ளி இறக்கினால்
காலண்டர் குழந்தை தயார்.
காசும் அதற்குத்தான் தருகிறார்கள்.
தொலைபேசியை எடுத்தேன்.

"தெரியும்" என்றாள் வில்வே.
"படம் எடுத்த அன்று சாயங்காலமே
தாதி வந்து பார்த்துவிட்டாள்.
ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.
கண்ணைக் கட்டி
நீல விளக்கின் அடியில் கிடத்தியிருக்கிறார்கள்."

நீல விளக்கு.
என் கை அப்போது
அந்தப் பட்டையின்மேல்தான் இருந்தது.
ஒரு முனை மஞ்சள், மறுமுனை நீலம்.
அங்கே அதே பட்டையை
உடம்பிலேயே தள்ளிக்கொண்டிருந்தார்கள்,
மணிக்கணக்காய், குதிகாலில் குத்தி
இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து.

"படங்கள் எப்படி வேண்டும்?"
கொஞ்ச நேரம் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல் மட்டும்.
"இருந்தபடியே இருக்கட்டும்.
ஒன்றை மட்டும் கொஞ்சம்...
ஊர்மாஸுக்கு அனுப்ப.
நடுக்கடலில் இருக்கிறான்,
அங்கிருந்து அவனால் என்ன செய்ய முடியும்?"

நாற்பது படங்களை அட்டை சொன்னபடி விட்டேன்.
நாற்பத்தொன்றாவதில்
மஞ்சளைப் பதினொரு புள்ளி இறக்கினேன்.
பன்னிரண்டில் அது
வேறு யாருடைய குழந்தையோ ஆகிவிட்டது.