ஐந்தாவது கம்பி

பெட்டிக்குள் இருந்த தாளில் முதல் வரி:
உங்கள் வீட்டுக்கு இது பொருந்துமா என்று முன்கூட்டியே பாருங்கள்.
இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால்
யாராவது இதை என்னிடம் நீட்டியிருக்கலாம்.

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக்காற்று ஜன்னல் இடுக்கில் நாக்கை விட்டுப் பார்க்கிறது.
கராஜில் பிரேக்கரை இறக்கிவிட்டு வந்தேன்.
ஃபர்னஸ் ஒருமுறை செருமி அடங்கியது.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும்
சுவரில் ஒரு சின்னச் செவ்வகம்,
குடிவந்த வருடத்தின் வெளிர்பச்சை.
அதன்மேல் மூன்று நிறம் அடித்துவிட்டோம்.
மூன்றையும் மெர்ல் நன்றாயிருக்கிறது என்றான்.

தடித்த கம்பியாக இருந்தால் கையை எடு,
அது வேறு மின்சாரம் என்கிறது தாள்.
இவை சேமியா கனம்.
அவிழ்ப்பதற்குமுன் படம் எடுத்தேன்,
ஓரத்தில் என் கட்டைவிரலோடு.

ஆரில் சிவப்பு. டபிள்யூவில் வெள்ளை.
ஒய்யில் மஞ்சள் இருக்கவேண்டும், பச்சை இருக்கிறது.
மஞ்சள் போய் ஜியில் உட்கார்ந்திருக்கிறது.
நிறத்தை நம்பாதே, எழுத்தை நம்பு.
மெர்ல் மாட்டியவை.
மஞ்சளும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்று
என்பதைப் பதினோரு வருடம் சொல்லாமல் வைத்திருந்தான்.

சி காலி.
சி என்றால் பொதுக் கம்பி.
அது இல்லாவிட்டால் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்குச் சோறில்லை,
கொஞ்ச நாள் மினுக்கிவிட்டுச் செத்துப்போகும்.

டார்ச்சைத் துளைக்குள் அடித்தேன்.
உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு நீலம்,
முனை உரிக்காமல்.

அதன் மறுமுனை அடித்தளத்தில்.
அடித்தளத்தில் மெர்ல்.
வீடு விற்கும்வரை அவன் கீழே நான் மேலே
என்ற வக்கீல் தாளில்
கம்பிகளைப் பற்றி ஒன்றும் இல்லை.
சூட்டைக் கூட்டியது யார், குறைத்தது யார்
என்ற சண்டைக்குச் சாட்சி வேண்டுமென்றுதான்
இதையே வாங்கினேன்.

வீடு ஐம்பத்தெட்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது.
ஏழு வாரம் மிதிக்காத படிகள்.
கதவைத் தட்டி,
"ஃபர்னஸைத் திறக்கணும்" என்றேன்.
கோட்டு போட்டபடி சூப் குடித்துக்கொண்டிருந்தான்.
ஸ்பூனை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

தகடு நகர்ந்தது. அங்கேயும் நீலம்,
உறைமேல் இறுக்கிச் சுற்றி.
"சியில போடு."
"தெரியும்.
ஸோல்வே, வெளிச்சத்தை இந்தப் பக்கம்."
தோலை உரித்தான், வளைத்தான், முடுக்கினான்.
என் கையில் டார்ச் ஆடியது. குளிர்தான்.

"நாலுதானே தேவைப்பட்டுது,
அஞ்சு எதுக்கு இழுத்தே அன்னைக்கு?"

ஏதோ ஒரு பதிலுக்கு நான் தயாராகவே நின்றேன்.

"கடையில நாலு இல்ல" என்றான்.

மேலே வந்து
ஐந்தையும் எழுத்துப்படி சொருகினேன்.
கராஜுக்குப் போய்ப் பிரேக்கரை ஏற்றினேன்.
திரும்பி வருகையில் கீழே ஒரு செருமல்.
ஃபர்னஸா, அவனா,
தரை வழியாகக் கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.