அடைப்புக்குறிக்குள் லாரி

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் வந்தார், யார் முன்மொழிந்தார்,
எத்தனை மணிக்குக் கலைந்தது.
யார் தொண்டை அடைத்தது என்பதற்கு
அதில் பத்தி கிடையாது.

கலிபோர்னியா, அல்கோடோன் நகரத் திட்டக் குழு.
பொருள் ஏழு: சுற்றுச்சூழல் நீதி அத்தியாயம், வரைவு மூன்று.
ஆறு மணிக் கூட்டத்தில் பொருள் ஏழு வந்தபோது
எட்டு நாற்பது.
கிழக்கு நான்காம் தெருவுக்குக் கடைசிப் பேருந்து
ஏழு பத்துக்கே போய்விட்டது.
அவர்கள் போகவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
எலிகியா மிஷ்டெக் மொழியில் பேசினாள்.
ஒருவன் அதை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தான்,
இன்னொருத்தி அங்கிருந்து ஆங்கிலத்துக்கு.
மூன்று நிமிடத்தை மூன்று வாய் பங்கிட்டால்
மிஞ்சுவது இவ்வளவுதான்:
பிஸ்தா உலர்த்தும் ஆலை,
குளிர்பதனக் கிடங்கு,
இரவில் மூச்சுக்காக எழுந்து உட்காரும் மகன்,
ஈரத் துணியை ஜன்னலில்

மணி அடித்தது.
ஜன்னலில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

திட்ட அலுவலர் டெல்ஃபோர்ட் திரையில் வரைபடம் காட்டினார்.
நான்காம் தெருவும்
குன்றின்மேல் கோல்ஃப் மைதானமும்
ஒரே கணக்கெடுப்பு வட்டம், ஒரே வெளிர்மஞ்சள்.
அங்கே புல்லுக்கு இருவேளைத் தண்ணீர்.
இங்கே குழாயில் நைட்ரேட்.
கூட்டி வகுத்தால்
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
சராசரி.
அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு 'சரி' உட்கார்ந்திருக்கிறது,
எதையும் கேளாமல் தலையாட்டிக்கொண்டு.

வரைவைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.
'ஊக்குவிக்கும்' பதினெட்டு இடத்தில்.
'செய்யும்' ஓரிடத்தில்,
அதுவும் 'ஆய்வு செய்யும்'.

பிறகு பாவ் ஸியோங் எழுந்தார்,
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்.
"எனக்குச் சம்பளம் அந்த லாரிகளால்தான்.
அதனால் எண்ணத் தெரியும்.
அடுத்த கூட்டத்தை எங்கள் தெருவில் வையுங்கள்."
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

பள்ளியின் சாப்பாட்டுக் கூடம், செப்டம்பர்.
பிள்ளைகளுக்கான தாழ்ந்த பெஞ்சில்
முழங்கால் முகவாயைத் தொட உறுப்பினர்கள்.
ஆஸ்ட்ராண்டர் அம்மையார் தொடங்கினார்:
அனுமதிக்கத்தக்க அளவு என்பது (லாரி)
அனுமதிக்கத்தக்க (லாரி)
நான் சொல்ல வந்தது (லாரி)

கேட்டதைத்தானே எழுத வேண்டும்?
எழுதினேன்.

விளக்கின் விசையும் என் கையில்தான்.
ஒவ்வொன்றும் கடந்து முடியும்வரை
கடிகாரத்தை நிறுத்தி வைத்தேன்.
விதிப்புத்தகம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.
செய்யாதே என்றும் இல்லை.

அப்படித்தான் எலிகியாவின் துணி
ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது.
ராத்திரி நனைத்துத் தொங்கவிடுகிறாள்.
விடிந்ததும் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர்.
"அதை எங்கே கொட்டுவது?
உங்கள் திட்டத்தில் எத்தனையாவது பக்கம்?"
டெல்ஃபோர்ட் பக்கங்களைப் புரட்டினார்.
நிஜமாகவே புரட்டினார்.
இருக்கும் என்று நம்பியதுபோல.

குறிப்பில் மொத்தம் நாற்பத்தொரு லாரி.

அக்டோபரில் மறுபடி நகர மண்டபம்.
தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
வாசிக்க இடைஞ்சலாம்,
அடைப்புக்குறிகளை நீக்கத் திருத்தம்.
முன்மொழிந்தார்.
வழிமொழிபவர்?

கம்பளம் விரித்த தரை.
இரட்டைக் கண்ணாடி ஜன்னல்.
ஆஸ்ட்ராண்டர் அம்மையார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.
பேனாவைத் தாளில் ஊன்றியபடி
காத்திருந்தேன்.

எவ்வளவு அமைதியான மண்டபம் அது.
இத்தனை வருடத்தில் நான்
கவனித்ததே இல்லை.