சலவை அறைக்குப் பக்கத்தில்

கிராஞ்சியில், தவளைப் பண்ணை தாண்டிய
காலி நிலத்தை மேசையில் விரித்து
ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் தந்தார்கள்.
ஓரறை வாடகை வீடுகள், நூற்றிருபது.
நடுவில் சமூகக்கூடம்: கண்ணாடிச் சுவர்,
நெற்றியில் கொட்டை எழுத்தில் 'உதவி மையம்'.

ரோஸ்னா சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டாள்.
கடைசிப் பேருந்து போனபின்
மூச்சு முட்டினால் யார் வருவார்,
இது திரு. கோ.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுதினேன்:
கண்ணாடி வேண்டாம்.
மனநல ஆலோசகரின் கதவைச்
சலவை அறைக்குப் பக்கத்தில் வையுங்கள்.
துணிக்கூடையோடு போகிறவளை
எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

வரைபடக்காரி ஹுவே லிங்
இரண்டு முறை படித்தாள்.
"வாரத்தில் எத்தனை நாள் துவைப்பீர்கள்?"

அழுக்கில்லாத நாளிலும், என்றேன்.

அவள் அழிப்பானைத் தேடினாள்.